இறங்கக் கூடாத காணி

பக்கத்துக் காணியைப் பார்த்தாலே சிவலட்சுமிக்குப் பத்திக்கொண்டு வரும். பார்க்காமல் இருந்தால் போச்சு என்று சொல்லலாம். எங்கே பார்க்காமல் இருக்கிறது? குசினிக்குள் நின்றால் யன்னலுக்குள்ளால் தெரியும். கிணற்றடிக்குப் போனால் வேலிக்கு மேலால் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு படுத்தாலும் வாடைக்காற்று அந்தக் காணிக்கு மேலால்தான் வரும். வந்து நேரே மகள் பிரேமிளாவின் மூக்குக்குள் ஏறும். காணி முழுக்கப் பாத்தீனியக் களை. கார்த்திகை மழைக்குத் தளதளவென்று எழும்பி, இடுப்பளவு வளர்ந்து, மார்கழியில் பொடிப்பொடியாய் வெள்ளைப் பூப் பூத்து நின்றது. ரோட்டால் போகிறவர்கள் யாரோ கொத்தமல்லி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் போவார்கள். சிவலட்சுமி மட்டும் குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையில் காலில் சுடுதண்ணீர் ஊற்றினவள் மாதிரி நடந்து திரிந்தாள்.

பிரேமிளாவுக்கு ஒன்பது வயது. போன வருஷம் வரைக்கும் காய்ச்சல், தடிமன் தவிர வேறு நோய் நொடி இல்லாத பிள்ளை. இப்போது பின்னேரமானால் முட்டு இழுக்கத் தொடங்கிவிடும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். புதுக்குடியிருப்பில் காட்டிய பெண் டொக்டர், பிள்ளையின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுக்குப் பக்கத்திலை பாத்தீனியம் நிக்குதோ?" என்றா.

"ஓம் டொக்டர். பக்கத்துக் காணி முழுக்க அதுதான்."

"ஒண்டில் அதை எடுங்கோ. இல்லாட்டி நீங்கள் இடம் மாறுங்கோ. மருந்து மட்டும் காணாது."

இடம் மாறுங்கோ. எவ்வளவு சுகமாகச் சொல்லிவிட்டா! சிவலட்சுமியின் தாய் தகப்பன் எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடிவாங்கி, கட்டிய துணியோடு வன்னிக்கு வந்தவர்கள். காட்டை வெட்டி ஒரு கொட்டில் போட்டார்கள். யுத்தத்தில் அதையும் விட்டு ஓடினார்கள். ஊர் ஊராக ஓடி, முகாமில் கிடந்து, திரும்பி வந்து பார்த்தால் கொட்டில் இருந்த இடத்தில் கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தக் கிணற்றை இறைத்து, அந்த அரை ஏக்கரில் கச்சான் கடலை போட்டு, தகரக் கூரையை ஓட்டுக் கூரையாக்கி இருக்கிறாள் சிவலட்சுமி. இனி ஒருத்தருக்காகவும் இங்கேயிருந்து எழும்புவதில்லை என்று தீர்மானித்திருந்தாள். இப்போது ஒரு கண்டறியாத செடி வந்து எழும்பு என்கிறது.

பிடுங்கி எறிய வேண்டியதுதானே? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இந்த ஊரில் மற்றவன் காணிக்குள் இறங்கித் துப்புரவாக்குகிறவனை ஒருத்தரும் புல்லுப் பிடுங்குகிறான் என்று நினைப்பதில்லை. காணி பிடிக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். நினைப்பதும் பிழையில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த காணியில் ஒருவன் பாம்பு வருகுது என்று பத்தைக்காடு வெட்டினான். பிறகு வெட்டின இடம் சும்மா கிடக்குது என்று நாலு வாழை வைத்தான். வாழைக்குத் தண்ணீர் ஊற்றவென்று ஒரு கொட்டில் போட்டான். இப்போது அங்கே அவனுடைய மகளுக்குக் கலியாணம் நடந்து முடிந்துவிட்டது. சொந்தக்காரன் பிரான்ஸில் இருந்து வந்து படலையில் நின்று கத்திவிட்டுப் போனான். ஆகவே காணி கைமாறுவது துப்புரவில்தான் தொடங்கும் என்பது ஊருக்கு மனப்பாடம்.

அதுவும் துப்புரவாக்குகிறவள் சிவலட்சுமியாக இருந்தால் சொல்லவே வேண்டாம். அவளுடைய அரை ஏக்கருக்கே இன்னும் அனுமதிப்பத்திரம் இல்லை. மாசியில் பத்திரம் கொடுக்கிற காணிக் கச்சேரி வைக்கப் போகிறார்கள். அதில் இவர்களுடைய பெயரும் இருக்கிறது என்று கிராம அதிகாரியான விதானையார் சொல்லியிருந்தார். கச்சேரியில் ஒருத்தர் எழும்பி, "இவள் மற்ற ஆக்களின்ரை காணிக்குள்ளையும் இறங்கினவள்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் அந்தளவோடு சரி. எடுத்தால் பத்திரம் போகும், எடுக்காவிட்டால் பிள்ளை இருக்கமாட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வீட்டை விட்டு எழும்பத்தான் வேண்டும். இந்த அந்தரத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காணியின் சொந்தக்காரி விமலேஸ்வரி லண்டனில் இருந்தா. ஊரில் அவவுக்கு இரண்டு உறவு. ஒன்று, சந்தியில் சீமெந்துக் கடை வைத்திருக்கும் பரமலிங்கம், சித்தப்பா மகன். மற்றது, தம்பி பெண்சாதி ராஜினி. இரண்டு பேருக்கும் அந்தக் காணியில் கண். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அந்தக் காணி இவ்வளவு காலமும் காடாகவே கிடந்தது.

சிவலட்சுமி முதலில் கடைக்குப் போனாள்.

"அண்ணை, அந்தப் பாத்தீனியத்தை ஆரையும் விட்டுப் பிடுங்குங்கோவன். பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு."

பரமலிங்கம் கணக்குப் பார்ப்பதை நிறுத்தவில்லை. "எனக்கென்ன பிள்ளை, நாளைக்கே ஆள் விடுவன். ஆனால் நான் ஆள் விட்டால் அந்த ராஜினி லண்டனுக்கு அடிச்சுச் சொல்லுவாள், நான் காணியை அமத்திப்போட்டன் எண்டு. எனக்கேன் பொல்லாப்பு? ஒண்டு மட்டும் சொல்லுறன், நீயும் கால் வைச்சிடாதை."

ராஜினி வீட்டிலும் அதே பாட்டுத்தான். "நான் இறங்கினால் பரமலிங்கத்தார் பொலிசுக்குப் போவார். அந்தாளைத் தெரியாதே உனக்கு? நீ இறங்கினால் அந்தாள்தான் உன்னை விட்டது எண்டு நான் நினைப்பன், சொல்லிப்போட்டன்." அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிவலட்சுமிக்கு எங்கேயாவது போய்ச் சுவரில் தலையை மோதவேண்டும் போல இருந்தது.

அந்தக் கிழமைதான் விவசாயப் போதனாசிரியர் நிஷாந்தன் பொதுநோக்கு மண்டபத்தில் பாத்தீனிய விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தான். சின்ன வயதுதான், ஆனால் நல்ல பிள்ளை. தொண்டை வற்ற வற்றக் கதைத்தான். திரையில் படம் போட்டுக் காட்டினான். குளக்கட்டில் மாடு மேய்ந்த புல்லெல்லாம் போய்ப் பாத்தீனியம் நிற்கிற படம். காட்டுக் கரையில் அது உள்ளுக்குள் ஏறுகிற படம். அது நிற்கிற இடத்தில் வேறு ஒன்றையும் முளைக்க விடாது, பால்மாடு தின்றால் பாலும் கைக்கும், பூக்க முதல் வேரோடு பிடுங்க வேண்டும், ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும், விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடந்து முளைக்கும் என்றெல்லாம் சொன்னான். சனம் தலையாட்டியது. இது இந்தியன் ஆமியின் ஆட்டோடு வந்தது என்று ஒருவர் சொல்ல, இல்லை, சீமெந்துக் கப்பலில் வந்தது என்று இன்னொருவர் சொல்ல, அதில் கொஞ்ச நேரம் இழுபட்டது. பிறகு தேத்தண்ணீரும் வடையும் வந்தன.

"சரி, இந்த ஊரிலை எங்கை கூட நிக்குது?" என்று நிஷாந்தன் கேட்டான்.

எல்லோரும் வடையைப் பார்த்தார்கள். பரமலிங்கம் முகட்டைப் பார்த்தார். சிவலட்சுமி எழும்பி, "என்ரை வீட்டுக்குப் பக்கத்துக் காணியிலை. வாங்கோ, காட்டுறன்" என்றாள்.

வடையைக் கடித்தபடியே கூட்டம் முழுக்க ஊர்வலமாக வந்தது. விழுந்து கிடந்த வேலிக்கு வெளியே வரிசையாக நின்றது. உள்ளே ஒருத்தரும் கால் வைக்கவில்லை. "இறங்குங்கோ, ஆளுக்குப் பத்துச் செடி பிடுங்கினால் முடிஞ்சுது" என்றான் நிஷாந்தன். "ஓம் ஓம், இறங்கத்தான் வேணும்" என்றார்கள் எல்லோரும். "நீங்கள் முன்னுக்குப் போங்கோ." "இல்லையில்லை, நீங்கள் போங்கோ, நான் பின்னாலை வாறன்." கலியாண வீட்டில் முதல் பந்திக்குக் கூப்பிட்டால்கூட இவ்வளவு மரியாதை பார்க்கமாட்டார்கள். கடைசியில் நிஷாந்தனே ஒரு காலைத் தூக்கினான். விதானையார் அவனுடைய சேட்டைப் பின்னால் பிடித்து இழுத்தார்.

"தம்பி, காலை எடும். உமக்குத் தெரியாது. சொந்தக்காரியைக் கேக்காமல் இறங்கினால் நாளைக்கு என்ரை தலையிலைதான் வந்து விடியும்."

"அப்ப சொந்தக்காரியைக் கேப்பம்" என்று சிவலட்சுமி சொன்னாள். ராஜினி பெருமையோடு போனை எடுத்து லண்டனுக்கு வீடியோவில் அழைத்தாள். விமலேஸ்வரி தலையில் கம்பளித் தொப்பியோடு வந்தா. ராஜினி போனைக் காணிப் பக்கம் திருப்பினாள். போனுக்குள்ளால் அழுகைச் சத்தம் கேட்டது.

"ஐயோ, என்ரை காணியே இது? எவ்வளவு வடிவாய்ப் பூத்துக் கிடக்குது! நான் அங்கை வெறும் பத்தைதான் கிடக்குமெண்டெல்லோ நினைச்சனான்."

நிஷாந்தன் போனுக்குள் தலையை நீட்டி, அம்மா, இது பூ இல்லை, இது இப்படி இப்படி என்று விளங்கப்படுத்தினான். அவ மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டா. கேட்டு முடித்ததும் குரல் மாறிவிட்டது.

"தம்பி, நீர் ஆர் எண்டு எனக்குத் தெரியாது. உம்மைப் பரமலிங்கம் அனுப்பினவனோ, ராஜினி கூட்டிக்கொண்டு வந்தவளோ, அதுவும் தெரியாது. நான் ஆடிக்கு வருவன். அதுவரைக்கும் என்ரை காணிக்குள்ளை ஒரு குஞ்சு குருமானும் இறங்கக் கூடாது. பூவெண்டாலென்ன, புல்லெண்டாலென்ன, நிக்கட்டும்."

போன் அணைந்தது. கூட்டமும் கலைந்தது. சனத்தின் முகத்தில் கவலையைவிட நிம்மதிதான் கூடத் தெரிந்தது. ஆடி வருவதற்குள் அந்தச் செடி எத்தனை தரம் பூத்துக் கொட்டி முடிக்கும் என்று சிவலட்சுமி யாரிடம் சொல்ல?

அடுத்த நாள் பின்னேரம் பிரேமிளாவின் உதடு நீலமாகிப் போனது. டொக்டர் தந்த மூச்சுப் பம்மை அடித்தும் கேட்கவில்லை. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் பிள்ளையின் விலா எலும்பு உள்ளே போய் வெளியே வந்ததை, தாயானவள் கையை வைத்துப் பிடித்துக்கொண்டு போனாள். பிடித்தால் நிற்கிற காரியமா அது? ஒக்சிசன் வைத்து, மருந்துப் புகை பிடிக்கவைத்து, விடிந்த பிறகுதான் பிள்ளை கண்ணைத் திறந்து பசிக்குது என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய புருஷன் சுமன் மெல்லக் கதையை எடுத்தான். மேசன் வேலைக்குப் போகிறவன். சண்டை சச்சரவென்றால் ஒதுங்கிப் போகிற சுபாவம்.

"வவுனியாவிலை அக்கா வீட்டை போய்க் கொஞ்ச நாள் இருப்பமே?"

கோபம் வந்தால் சிவலட்சுமிக்குத் தாயின் மலைநாட்டுத் தமிழ் வந்துவிடும். "கொஞ்ச நாளா? எங்கப்பா நுவரெலியாவுல இருந்து கொஞ்ச நாளுக்குன்னுதான் வந்தாரு. வீட்டப் பூட்டிக்கிட்டுப் போனா அடுத்த வாரமே நம்ம காணிய எவனாவது துப்புரவாக்குவான். போறதுன்னா நீ போ!"

அவள் இரண்டு பழைய உரப்பையைக் கிழித்துக் கையில் சுற்றிக் கட்டினாள். சேலைத் துண்டால் மூக்கை மூடினாள். கத்தி எடுக்கவில்லை, மண்வெட்டி எடுக்கவில்லை. ஆயுதத்தோடு இறங்கினால்தானே காணி பிடிக்கிறது? வெறுங்கையோடு இறங்குகிறவளை என்ன சொல்வார்கள் பார்ப்போம் என்று ஒரு வீம்பு. நல்ல வெயிலில், ரோட்டில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கத்தக்கதாக, வேலியைத் தாண்டிப் பக்கத்துக் காணிக்குள் இறங்கினாள்.

மழைக்கு ஊறின மண், பிடித்து இழுத்தால் வேரோடு வந்தது. இடையில் நின்ற எருக்கலையை அவள் தொடவில்லை. ஆவரசைத் தொடவில்லை. விழுந்த வேலிக் கதியாலைக்கூட நிமிர்த்தவில்லை. பாத்தீனியத்தை மட்டும் பிடுங்கிப் பிடுங்கிக் குவித்தாள். ஒரு மூலை வெளியாக முன்னம் பரமலிங்கத்தின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"ஆரைக் கேட்டு இறங்கினனீ?"

"எல்லாரையும் கேட்டு முடிஞ்சுது அண்ணை."

"தோட்டக்காட்டுச் சனத்துக்கு இடம் குடுத்தால் இதுதான். வெளியிலை ஏறு! இல்லாட்டிப் பொலிசைக் கூப்பிடுவன்."

தோட்டக்காடு என்ற சொல் நெஞ்சில் அடித்த மாதிரி விழுந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கேட்டது, இன்றைக்கும் அதே இடத்தில்தான் நோகிறது. அவள் நிமிரவில்லை. இன்னும் வேகமாகப் பிடுங்கினாள். பரமலிங்கம் போனை எடுத்து வீடியோப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து ராஜினி சைக்கிளில் வந்தாள். உள்ளே சிவலட்சுமி பிடுங்குகிறாள். வெளியே பரமலிங்கம் படம் பிடிக்கிறார். ராஜினிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஓகோ! கூலிக்கு ஆளை விட்டுத் துப்புரவாக்கிப் படமும் எடுத்து லண்டனுக்கு அனுப்பப் போறியளோ? நல்லாயிருக்கு! உங்களுக்கு மட்டும்தானோ பிடுங்கத் தெரியும்?"

சைக்கிளைப் போட்டுவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு அவளும் இறங்கினாள். இரண்டு மகன்களையும் போனில் கூப்பிட்டாள். இறங்கியவள் சும்மா இறங்கவில்லை. கிழக்குப் பக்கத்தில் எல்லை போடுகிறவள் மாதிரி ஒரு பெரிய வளைவாகப் பிடுங்கிக்கொண்டு போனாள். அதைப் பார்த்ததும் பரமலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. "அடியே, அது என்ரை அப்புவின்ரை பங்கு!" என்று கத்தினார். கடைக்குப் போன் அடித்து, சீமெந்து இறக்குகிற நாலு பேரையும் வரச் சொன்னார். அவர்கள் மேற்குப் பக்கத்தால் தொடங்கினார்கள். இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு பிடுங்குகிற வேகத்தில் சிவலட்சுமி நடுவில் வாயைத் திறந்தபடி நின்றாள். பொதுநோக்கு மண்டபத்தில் தொண்டை வற்றக் கத்தியும் நடக்காத காரியம், அன்றைக்குப் பின்னேரம் கருக்குவதற்குள் நடந்து முடிந்தது. நிஷாந்தன் ஓடி வந்து, எல்லாவற்றையும் குவித்துக் காயவிட்டு எரிக்கச் சொன்னான். அவன் சந்தோஷத்தில் எல்லோருக்கும் கைகொடுத்துத் திரிந்தான்.

பத்து நாளாகப் பிரேமிளாவுக்கு முட்டு இல்லை. பள்ளிக்கூடத்தால் வந்து சைக்கிள் ஓடினாள். சிவலட்சுமி கையில் எழும்பின கடி, கொப்பளம் எல்லாவற்றையும் சொறிந்துகொண்டு, பிள்ளை மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்றாலும் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஏனென்றால் பரமலிங்கம் மேற்கில் வாழை நட்டுவிட்டார். ராஜினி கிழக்கில் கதியால் போட்டுவிட்டாள். அதற்கடுத்த நாள் வாழையை யாரோ முறித்திருந்தார்கள். அதற்கும் அடுத்த நாள் கதியால் பாழ்கிணற்றுக்குள் கிடந்தது. பிறகு ராஜினியின் மூத்தவனுக்கும் சீமெந்து இறக்குகிற ஒருவனுக்கும் மண்டை உடைந்தது. பொலிஸ் வந்தது, வழக்குப் போனது, வழக்கு முடியும் வரைக்கும் ஒருவரும் இந்தக் காணிக்குள் இறங்கக் கூடாது என்று நீதிமன்றக் கட்டளை வந்தது. காணி விளிம்பில் நின்ற வேப்ப மரத்தில் அதை எழுதி ஒரு பலகை அடித்தார்கள்.

தையில் இரண்டு மழை பெய்தது. சிவந்த மண்ணில் பச்சைப் பாய் விரித்த மாதிரி பாத்தீனியக் கன்று முளைத்தது. விரல் வைக்க இடமில்லை. சிவலட்சுமி நிஷாந்தனுக்குப் போன் அடித்தாள்.

"அக்கா, கட்டளை இருக்கு. நானும் இறங்கேலாது, நீங்களும் இறங்கேலாது. பூக்க முதல் எடுத்தால் நல்லது எண்டு மட்டும்தான் என்னாலை சொல்ல ஏலும்." அந்தப் பெடியனின் குரல் அழுகிற மாதிரி இருந்தது. அவனை ஏசி என்ன பிரயோசனம்?

வழக்கு எப்போது முடியும் என்று கேட்டதற்கு ஊர் சிரித்தது. நுனியில் மொட்டுத் தெரியத் தொடங்கிய அன்றைக்குச் சுமன் பிள்ளையின் உடுப்பை இரண்டு பையில் அடுக்கினான். மோட்டார் சைக்கிளில் கட்டினான். பிரேமிளா இருமிக்கொண்டு வாசலில் நின்றாள். சிவலட்சுமி உரப்பையைக் கையில் சுற்றினாள்.

வேலியடியில் விதானையார் நின்றார். யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறார். கையில் பேனை இருந்தது.

"பிள்ளை, விசர் வேலை பார்க்காதை. அண்டைக்கு இறங்கினதை நான் காணேல்லை எண்டு விட்டிட்டன். இண்டைக்கு நான் கண்டால் எழுதத்தான் வேணும். வாற கிழமை காணிக் கச்சேரி. உன்ரை பேரை நான் எடுக்க வேண்டி வரும். கொஞ்சம் பொறன்."

"எவ்வளவு காலம் ஐயா?"

அவர் பேனையின் மூடியைத் திறந்து மூடினார்.

"கடுதாசி இல்லாமல் என்ரை அப்பா செத்தார், அம்மா செத்தா. நானும் இவ்வளவு காலம் இருந்திட்டன். இன்னும் இருப்பன். மூச்சு இல்லாமல் இவள் எவ்வளவு நேரம் இருப்பாள்? சொல்லுங்கோ." உரப்பையின் முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டுச் சொன்னாள். "எழுதுங்கோ ஐயா. வடிவாய் எழுதுங்கோ. சிவலட்சுமி காணி பிடிக்க இறங்கேல்லை, பிள்ளைக்கு மூச்சு வேணுமெண்டு இறங்கினவள் எண்டு எழுதுங்கோ. பேரை எடுக்கிறதெண்டால் எடுங்கோ. நான் எழும்பமாட்டன்."

பலகை அடித்த வேப்ப மரத்தைத் தாண்டி உள் மூலைக்குப் போனாள். குந்தியிருந்து பிடுங்கத் தொடங்கினாள். கன்றுகள் சின்னன் என்றபடியால் கைப்பிடி கைப்பிடியாக வந்தன. கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் இருந்து பைகள் பொத்தென்று விழுகிற சத்தம் கேட்டது. சுமன் வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினான். அவன் கையில் உறைகூட இல்லை. அவள் ஒரு கையில் சுற்றியிருந்த உரப்பையை அவிழ்த்து அவனிடம் கொடுத்தாள்.

விதானையார் எழுதினாரா, எழுதாமல் போனாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பொழுது படுவதற்குள் வேப்ப மரத்தடி வரைக்கும் எடுக்க வேண்டியிருந்தது.